கலவைக்கு 40 டிகிரி, சுமப்பவருக்கு எத்தனை?

வெயில் காலத்தில் கான்கிரீட் போடுவது எப்படி என்று சொல்ல இந்தியாவில் தனி விதிநூல் இருக்கிறது. ஐ.எஸ். 7861 என்ற அந்தத் தரக்குறிப்பின் முதல் பகுதி 1975ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது செய்யும் கான்கிரீட் வேலைக்கும், கொட்டும் நேரத்தில் கலவையின் சூடு 40 டிகிரிக்கு மேல் போகக்கூடிய வேலைக்கும் அது தனி கவனம் கேட்கிறது. ஜல்லியை நிழலில் குவிக்க வேண்டும், அதன்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், கலக்கும் நீர் குளிர்ந்திருக்க வேண்டும், வெயில் தணிந்த நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பவை அதன் அறிவுரைகள்.

அந்தக் கலவையைச் சட்டியில் ஏந்தி, சும்மாட்டின்மேல் வைத்து, சாரத்தில் ஏறும் சித்தாளுக்கு இப்படி ஓர் எண் கிடையாது. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் குடிநீர், கழிப்பறை, முதலுதவி பற்றியெல்லாம் பேசியது. இத்தனை டிகிரிக்கு மேல் வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து இந்த இடைவெளியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கலவையைக் காப்பாற்ற எதைச் செய்ய வேண்டுமோ, பெரும்பாலும் அதுவே ஆளையும் காப்பாற்றும். இரண்டையும் ஒரே விதியின்கீழ் கொண்டுவர முடியும். அதற்கான செலவின் ஒரு பகுதியை ஏற்கத் தொழிலாளர் பெயரில் ஏற்கெனவே வசூலாகும் நிதி இருக்கிறது.

வெயிலும் கட்டடப் பருவமும்

வேலூர் கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சென்னைக்கு நண்பகலிலேயே ஆறுதல் தரும் கடற்காற்று இங்கே வந்துசேர மாலையாகிவிடும். சில நாட்களில் வருவதே இல்லை. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை இரவில் திருப்பித் தருகின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்று மணலும் அப்படியே. மே முதல் வாரம் தொடங்கி அம்மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயிலில் இங்கே வெப்பமானி 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தமிழ்நாட்டில் அன்றைக்கு அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூர் அடிக்கடி இடம்பெறும்.

கட்டட வேலை சூடுபிடிப்பதும் இதே மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்கால் தோண்டினால் குழியில் தண்ணீர் நிற்கும். ஆகவே தை பிறந்ததும் வேலை தொடங்குகிறது. சுவர் எழும்பி, மேல்தளக் கான்கிரீட் போடும் கட்டம் பங்குனி, சித்திரையில் வருகிறது. ஆனியிலும் ஆடியிலும் புதுமனை புகுவதைப் பலர் தவிர்ப்பதால் வைகாசிக்குள் பூச்சு வேலையை முடித்துத் தரச் சொல்லி மேஸ்திரியை நெருக்குவார்கள். மழையும் பஞ்சாங்கமும் சேர்ந்து, ஆண்டின் மிகக் கடினமான உழைப்பை ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

வீடுகளோடு தொழிற்கூடங்களும் இந்தக் கணக்கில் சேரும். 1970களில் பதப்படுத்தி முடிக்காத தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியபின், இந்த வட்டாரம் முழுமையாக்கிய தோலுக்கும் பிறகு காலணிக்கும் மாறியது. அந்த மாற்றம் நூற்றுக்கணக்கான கொட்டகைகளையும் தொழிற்சாலைகளையும் கேட்டது. கழிவுநீர் வழக்குகளுக்குப்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அகலமாகி, மேம்பாலங்கள் வந்தன. தோல் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் பதனிடுபவரையும் தைப்பவரையும் பேசியிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் கூரையை வெயிலில் நின்று போட்டவர்கள் அந்த வரலாற்றில் மிகக் குறைவாகவே வருகிறார்கள்.

எந்த எண்ணை நம்புவது

செய்தியில் சொல்லப்படும் 41, 42 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் அளவு. தளத்தின்மேல் நிற்பவர் படும் வெப்பம் வேறு. அவர்மேல் நேர்வெயில் விழுகிறது. காலடியில் சென்ட்ரிங் தகடும் கம்பியும் கொதிக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் குளிராது.

இவற்றையெல்லாம் சேர்த்து அளக்கத்தான் ஈரக்குமிழ்–கருங்கோள வெப்பக் குறியீடு உருவானது. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததைத் தடுக்க வகுக்கப்பட்டது இது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பத்தில் 20 விழுக்காடு, காற்றின் வெப்பத்தில் 10 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் குறியீடு கிடைக்கும்.

கணக்குக்காக இரண்டு நாட்களை வைத்துப் பார்ப்போம். வறண்ட மே நாள் ஒன்றில் காற்று 40, ஈரக்குமிழ் 27, கருங்கோளம் 52 டிகிரி என்றால் குறியீடு 33.3. முந்தைய நாள் இடிமழை பெய்து புழுங்கும் நாளில் காற்று 36, ஈரக்குமிழ் 29, கருங்கோளம் 46 என்றால் குறியீடு 33.1. இரண்டாவது நாளை யாரும் வெப்ப அலை நாள் என்று சொல்லமாட்டார்கள். சுமை தூக்குபவரின் உடலுக்கோ இரண்டு நாளும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஐ.எஸ்.ஓ. 7243 என்ற பன்னாட்டுத் தரக்குறிப்பு, வெயிலுக்குப் பழகிய ஒருவர் நடுத்தர உழைப்பைத் தொடர்ந்து செய்யக் குறியீடு 28 வரையும், கடின உழைப்புக்கு 26 வரையும் இருக்கலாம் என்கிறது. அதைத் தாண்டினால் வேலைக்கு நடுவே ஓய்வு கூடிக்கொண்டே போக வேண்டும். நம் இரண்டு நாட்களும் அந்த எல்லையை வெகுவாகக் கடந்தவை.

இந்த எண்ணைச் சட்டமாக்கிய நாடுகளில் நம்மவர்கள் நிறையப் பேர் உழைக்கிறார்கள். கத்தார் 2021இல் கொண்டுவந்த ஆணைப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலை கூடாது; குறியீடு 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பகல் 12.30 முதல் 3 வரை தடை விதிக்கிறது. சிங்கப்பூர் 2023 அக்டோபரில், குறியீடு 32ஐ எட்டினால் கடின உழைப்பாளிக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐ எட்டினால் 15 நிமிடம் என்று வகுத்தது. அங்கெல்லாம் விதிமீறல்கள் உண்டு, கண்காணிப்பில் குறைகளும் உண்டு. ஆனாலும் கைகாட்டிக் கேட்க ஓர் எண் இருக்கிறது. வேலூரிலிருந்து தோஹாவுக்குப் போகும் கம்பி கட்டும் தொழிலாளிக்கு அங்கே சட்டப்படி கிடைக்கும் நண்பகல் ஓய்வு, சொந்த ஊர் திரும்பினால் மேஸ்திரியின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

உடல் தாங்கும் அளவு

கடினமாக உழைக்கும் உடல் தானே ஒரு வெப்ப மூலம். வெளிக்காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது வியர்வை ஒன்றே வழி. மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்த்துப் போவது அரிதல்ல. தண்ணீரும் உப்பும் குறையக் குறைய இதயம் வேகமாக அடிக்கிறது, கை தசை பிடிக்கிறது, தலை சுற்றுகிறது. சாரத்தின்மேல் நிற்பவருக்குத் தலைசுற்றல் என்றால் அது விழுந்து அடிபடும் விபத்தாகப் பதிவாகும். வெயில் கணக்கில் வராது. உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. அந்த நிலையில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நிமிடங்களிலேயே உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிர வைப்பது உயிரைக் காக்கும்.

புதிதாக வருபவருக்கே ஆபத்து அதிகம். உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். வடமாநிலத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய மறுநாளே முழுச்சுமை தூக்குபவரும், நீண்ட விடுப்புக்குப்பின் திரும்புபவரும் குறைந்த வேலையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதே பணியிட மருத்துவம் சொல்வது. நாள்கூலியில் அந்தக் குறைந்த வேலைக்கு இடமில்லை.

பெண்களின் நிலை இதைவிடக் கடுமை. கட்டுமான இடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது சித்தாள்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். வெயிலில் நீர் வற்றிய உடலில் சிறுநீர்த் தொற்றும், காலப்போக்கில் சிறுநீரகச் சேதமும் வர வாய்ப்புக் கூடும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையை அளந்துவருகிறார்கள். 2017இல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த அவர்களது ஆய்வு 2024இல் வெளியானது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான பணியிடங்களில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கண்டது. தலையில் கலவை சுமக்கும் பெண்ணின் உழைப்பு இவற்றைவிட எளிதல்ல. இத்தகைய சான்று கையில் இருக்கும்போது கழிப்பறையும் நிழலும் மருத்துவத் தேவைகளாகின்றன.

உப்பேறிய நிலத்தில் தண்ணீர்

தோல் வட்டாரத்தில் தண்ணீர் தனிக் கேள்வி. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடும் முன் கழுவும்போது அந்த உப்பு கரைந்து கழிவுநீரோடு போகிறது. பல பத்தாண்டுகள் அது பாலாற்றுப் படுகையிலும் வயல்களிலும் இறங்கியதால் ஆற்றங்கரைக் கிணறுகள் பல உவர்த்துவிட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்திய நிலத்தின் சட்டம் என்று அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு பாலாற்று மாசு குறித்து மறுபடியும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்யச் சொன்னது. ஊர்களின் குடிநீருக்கு மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது.

கான்கிரீட்டுக்கான நீரைப் பற்றியும் விதி தெளிவாகப் பேசுகிறது. ஐ.எஸ். 456 தரக்குறிப்பின்படி கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் நீரில் லிட்டருக்குக் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மேலிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், தளம் வெடிக்கும். உவர்நீர் ஊறிய சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதைக் கொத்தனார்கள் நன்கு அறிவார்கள். அதனால் கிணறு உவர்த்த இடங்களில் கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்.

குடிப்பதற்கான நீர் உவர்த்தால் மனிதர் தேவையைவிடக் குறைவாகவே குடிப்பார். கடும் வெயிலில் ஒவ்வொரு கால் மணி, இருபது நிமிடத்துக்கும் ஒரு குவளை நீர் தேவைப்படும் உடலுக்கு அந்தக் குறைவு ஆபத்து. ஆகவே இந்த வட்டாரத்தில் கட்டட இடத்துக்கு நல்ல குடிநீர் கேன்களும், மோரும், உப்பு–சர்க்கரைக் கரைசலும் கலவைக்கு வாங்கும் லாரித் தண்ணீரைப் போலவே கட்டுமானச் செலவில் எழுதப்பட வேண்டியவை.

தளம் போடும் நாள்

மேல்தளம் போடும் நாளில்தான் எல்லாச் சிக்கலும் ஒன்றுசேர்கிறது. கலவை மெஷினும் லிஃப்டும் நாள் வாடகை. ஆட்கள் 20, 30 பேர். தளத்தைப் பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே ஒட்டாத இணைப்பு விழும். அங்கே பிறகு கசியும். ஆகவே காலை 9 மணிக்குத் தொடங்கிய வேலை உச்சிவெயிலைத் தாண்டி ஓடியே தீரும். மதியச் சாப்பாடுகூட முறைபோட்டு நடக்கும்.

அதே உச்சிவெயில் கான்கிரீட்டையும் கெடுக்கிறது. சூடான கலவை விரைவில் இறுகுவதால், இழுக்க வராமல் மேலும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றிய தண்ணீர் வலிமையைக் குறைக்கும். மேற்பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் அளவுக்குக் காற்றும் வெயிலும் இருந்தால், இறுகுமுன்பே மயிரிழை விரிசல்கள் விழும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் எச்சரிக்கைக் கணக்கு. வறண்ட மேற்குக் காற்று வீசும் வேலூர்ப் பிற்பகல் இதற்குத் தோதான நேரம்.

தளம் போடுவதை விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கினால் ஜல்லியும் தண்ணீரும் இரவின் குளிர்ச்சியில் இருக்கும். கலவை நின்று இறுகும், கூடுதல் தண்ணீர் வேண்டாம். சிறிய வீட்டின் தளம் 11 மணிக்குள் முடிந்துவிடும். வீட்டுக்காரருக்கு விரிசலற்ற தளம், மேஸ்திரிக்குப் புகாரற்ற வேலை, சித்தாளுக்கு உச்சிவெயில் இல்லாத நாள். மூவருக்கும் ஆதாயம் ஒரே நேரமாற்றத்தில் இருக்கிறது.

இதற்குத் தடைகளும் உண்மையானவை. கிராமத்திலிருந்து வரும் பெண்களுக்கு அந்நேரத்தில் பேருந்து இல்லை. வீட்டுச் சமையல் முடியாது. இருட்டில் சாரம் ஏற நல்ல விளக்கு வேண்டும். கலவை மெஷின் சத்தத்துக்கு அக்கம்பக்கம் முகம்சுளிக்கும். ஆகவே நேரத்தை மாற்றச் சொல்பவர், போக வர வண்டியையும் விளக்கையும் காலைச் சாப்பாட்டையும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும். மற்ற நாட்களில் காலை 6 முதல் 11 வரையும் மாலை 3.30க்கு மேலும் என்று பிரித்தால், நடுவே படுத்து எழ நிழலான இடம் வேண்டும். இல்லையென்றால் ஓய்வு நேரமும் வெயிலிலேயே கழியும்.

தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தூண்களுக்கு ஈரச்சாக்கு சுற்றுகிறார்கள். வறண்ட வெப்பத்தில் 10 நாளுக்குக் குறையாமல், கலப்புச் சிமென்ட் என்றால் 14 நாள் வரை நீராற்ற வேண்டும் என்று ஐ.எஸ். 456 கேட்கிறது. வீடு கட்டுவோர் பலர் இதைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறார்கள். தூணுக்குக் காட்டும் இந்த அக்கறை அதை எழுப்பியவருக்கும் எட்ட வேண்டும்.

மழைக்காலத்தின் ஆபத்து வேறு வகை. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த நாட்களில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். ஊறிய மண்ணில் கடைக்கால் குழியின் கரையும் அப்படியே சரியும். நனைந்த ஒயரில் வைப்ரேட்டர் ஓட்டுபவருக்கு மின்சாரம் பாயும். மழை நாளில் வேலை தானாக நிற்கிறது, கூலியும் நிற்கிறது. அதை ஈடுகட்டவே வெயில் மாதங்களில் ஒரு நாளும் விடாமல் உழைக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. இரு பருவங்களின் இழப்பும் ஒன்றோடொன்று பின்னியவை.

யார் செலவில்

கட்டடத் தொழிலாளர் நலத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இங்கே வந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப்பின் 1994இல் நலவாரியம் அமைந்தது. மத்தியச் சட்டம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அந்த மத்தியச் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பிடித்திருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நலத்துக்கென வசூலாகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. வெயில் கொல்லும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட முக்கியமான அடி அது. ஆனால் அந்தப் பணம் சாவுக்குப் பின் வருகிறது. கூலி போகுமே என்ற பயத்தில் தலைசுற்றலோடு சாரத்தில் நிற்பவரைக் கீழே இறக்க வேறொன்று வேண்டும்: நிறுத்திய மணிநேரத்துக்கும் கூலி உண்டு என்ற உறுதி.

இதற்கு முன்னுதாரணங்கள் நம்மிடமே உள்ளன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக்கூடாது. அந்த 61 நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீன் இனப்பெருக்கத்துக்காகத் தொழிலை நிறுத்தினால் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்ற நியாயம் அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. டெல்லியில் காற்று மாசு காரணமாகக் கட்டுமானங்கள் நிறுத்தப்பட்டபோது, நலவரி நிதியிலிருந்து தொழிலாளர்களுக்குப் பிழைப்பூதியம் தரச் சொல்லி 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் காரணமாக வேலை நின்றால் அந்த நிதி கைகொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் தேவையில்லை. குஜராத்தின் சேவா அமைப்பு, குறிப்பிட்ட வெப்ப அளவைத் தாண்டினால் தானாகவே பணம் வரும் காப்பீட்டில் பல்லாயிரம் ஏழைப் பெண்களைச் சேர்த்திருக்கிறது.

இவற்றை இணைத்தால் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களுக்கும் பொருந்தும் ஒரு திட்டம் கிடைக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை மாவட்ட நிர்வாகம் வெப்பக் குறியீட்டை நாள்தோறும் அளந்து அறிவிக்க வேண்டும். குறியீடு 32ஐத் தொடும் நாட்களில் மணிக்கொரு ஓய்வும், அதற்கு மேல் போனால் நண்பகல் நிறுத்தமும் கட்டாயமாக வேண்டும். கட்டட அனுமதி தரும்போதே நிழல், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை ஆகிய மூன்றையும் நிபந்தனையாக எழுத வேண்டும். நிறுத்தத்தால் குறையும் கூலியை, வாரியத்தில் பதிந்தவர்களுக்கு நலநிதி ஈடுகட்ட வேண்டும். பதியாத வடமாநிலத் தொழிலாளர்களை வேலை தொடங்கும் நாளிலேயே பதிய வேண்டும். வெளிநாட்டு வணிக நிறுவனங்களின் தணிக்கைக்குத் தங்கள் ஆலைகளைத் திறந்துவிடும் தோல், காலணி ஏற்றுமதியாளர்கள், தங்கள் வளாகத்தில் கொட்டகை கட்டும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதே கணக்கைக் காட்ட வேண்டும்.

செலவு கூடும் என்பது உண்மை. செலவு இப்போதும் இருக்கிறது. அதை டயாலிசிஸ் படுக்கையிலும் கலைந்த கருவிலும் தொழிலாளர் குடும்பங்கள் தனியாகச் செலுத்திக்கொண்டிருக்கின்றன. தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை நெறியை, இந்தப் பாலாற்றுக் கரை மக்களின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே சட்டமாக்கியது. தண்ணீருக்காகப் பெற்ற அந்த நெறியை வெயிலுக்கும் முதலில் பொருத்திக்காட்டும் உரிமையும் கடமையும் இந்த மாவட்டங்களுக்கு உண்டு. அடுத்த பங்குனிக்குள் மூன்று ஆட்சியர் அலுவலகங்களும் நலவாரியமும் உட்கார்ந்து பேசினால், அடுத்த கத்திரிக்குள் முதல் விதியை எழுதிவிட முடியும்.